பார்த்துப் பண்ணுங்கம்மா

வேட்பாளர் வருகிறார் என்று அன்று காலையில் கம்பெனியின் டியூப் லைட்டுகளை எல்லாம் மாற்றினார்கள். நாகஜோதியின் தலைக்கு மேலே இருந்த லைட் பொங்கலிலிருந்தே விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. கண் எரியுது, தையல் தெரியல என்று அவள் சொல்லாத நாள் இல்லை. "சொல்லியிருக்கேம்மா, வந்துரும்" என்பார் லைன் சூப்பர்வைசர் சகாயராஜ். வரவே இல்லை. இப்போது எலக்ட்ரீஷியன் ஏணியைப் போட்டு ஏறி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு, அவள் ஒரு பீஸ் தைத்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டான். அந்தப் புது வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவளுக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணம் முடிந்த கையோடு புருஷன் வீரணனுடன் திருப்பூருக்கு வந்தவள். முதலில் கைமடியாகச் சேர்ந்து, டைலர்கள் தைத்துப் போடுவதை அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் யாராவது எழுந்து போனால் அந்த மிஷினில் உட்கார்ந்து பழகினாள். இப்போது மண்ணரையில் மகுடேஸ்வரன் நடத்தும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். வெளிநாட்டுக் குழந்தைகள் போடும் சட்டைகளுக்குத் தோள் மூட்டுவது அவள் வேலை.

பதினோரு மணிக்கு மேல் வேட்பாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, கரை போட்ட வேட்டி, கழுத்தில் கட்சித் துண்டு. அவருக்கு முன்னால் கேமராவோடு இரண்டு பேர் பின்பக்கமாகவே நடந்து வந்தார்கள். முதலாளி மகுடேஸ்வரன் பக்கத்தில் கை கட்டியபடி வந்தார். மிஷின்களை நிறுத்தச் சொன்னார்கள். அப்புறம், ஓடினால்தான் படம் நன்றாக வரும் என்று ஓட்டச் சொன்னார்கள்.

"அண்ணன் ஒரு மிஷின்ல உக்காந்து தைக்கிற மாதிரி எடுத்துக்கலாம். பக்கத்துல லேடீஸ் யாராவது நிக்கட்டும்" என்றான் கேமராக்காரன்.

"நம்ம நாகஜோதி மிஷின்ல உக்காருங்க. நல்ல புள்ளைங்க" என்றார் மகுடேஸ்வரன்.

நாகஜோதி எழுந்து இடம் விட்டாள். வேட்பாளர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். "நல்லது, நல்லது" என்றார். கேமராக்காரன் அவளை இன்னும் கிட்ட வரச் சொன்னான்; துணியைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிற்கச் சொன்னான்; சிரிக்கச் சொன்னான். அவள் குனிந்து, இடது கையால் துணியை ஊசிக்கு நேராகப் பிடித்தாள்.

"பெடலை லேசாத்தான் மிதிக்கணும்யா. நான் கையை எடுத்தப்புறம் மிதிங்க" என்றாள்.

அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மிதித்தார். லேசாக அல்ல.

மிஷின் ஒரு தரம் சீறியது. ஆள்காட்டி விரல் நகத்தின் வழியாக ஊசி இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, டக்கென்று முறிந்தது. அவளுக்குக் கத்தக்கூட வரவில்லை. பக்கத்து மிஷின் நதியாதான் "அய்யோ" என்றாள். நதியா மடியில் வைத்திருந்த வெள்ளைத் துணியில் ரத்தம் தெறித்திருந்தது.

வேட்பாளர் துள்ளி எழுந்தார். எழுந்தவர் முதலில் தன் சட்டையைப் பார்த்தார். அப்புறம் வேட்டியைப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றும் படவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் கையைப் பார்த்தார்.

"பார்த்துப் பண்ணுங்கம்மா" என்றார்.

சொல்லிவிட்டு நடந்தார். கேமராக்கள் அவரோடு போயின. கூட்டம் கட்டிங் டேபிள் பக்கம் நகர்ந்தது. அங்கே அவர் கத்தரி பிடிக்கிற மாதிரி இன்னொரு படம் எடுத்தார்கள்.

நாகஜோதியைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய், பக்கத்துத் தெருவில் இருந்த சின்ன கிளினிக்கில் உட்கார வைத்தார்கள். கூட வந்த மேனேஜர் சிவபிரகாஷ், அவள் வாயைத் திறப்பதற்குள், "வீட்டுல காய் நறுக்கும்போது அரிவாள்மனைல வெட்டிக்கிட்டாங்க" என்று நர்சிடம் சொன்னான். நர்ஸ் விரலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கழுவிக் கட்டுப் போட்டு, தடுப்பூசியும் போட்டு அனுப்பினாள்.

திரும்பி வந்து பையை எடுத்தபோது அவள் லைனே நின்றிருந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஊசி முறிந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்த லைனை ஓட்ட விடமாட்டார்கள். ஒரு நுனி துணிக்குள் தங்கி, கடல் தாண்டிப் போய், ஏதோ ஒரு குழந்தையின் உடம்பில் கீறினால் ஆர்டரே போய்விடும். சகாயராஜ் தரையில் மண்டிபோட்டுக் காந்தத்தை உருட்டித் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அன்று தைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக மெட்டல் டிடெக்டருக்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேல்பாதி கெடச்சிட்டு. நுனியைத்தான் காணல" என்றார் சகாயராஜ். அவர் தூத்துக்குடிக்காரர். "நீ வீட்டுக்குப் போம்மா. நாங்க பாத்துக்கிடுதோம்."

மறுநாள் முதலாளியே போன் செய்தார். மகுடேஸ்வரன் யாரையும் வாடா போடா என்று பேசமாட்டார். கூட்டுகிற பெண்ணிடம்கூட மரியாதையாகத்தான் பேசுவார். இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை.

"அம்முணி, கை எப்படிங்க இருக்குது? நல்லா ரெஸ்ட் எடுங்க. மருந்துச் செலவு நம்மளுதுங்க. ஆரு கேட்டாலும் ஊட்டுல வெட்டிக்கிட்டதுன்னே சொல்லிப்போடுங்க. கம்பெனிக்குள்ள ஓட்டுக் கேக்க வந்தாங்கன்னு தெரிஞ்சா எலக்சன் ஆபீசருங்க வந்து நிப்பாங்க. அத்தன பேரு பொழப்புங்க."

"சரிங்க" என்றாள் நாகஜோதி. அத்தனை பேர் பிழைப்பு என்றதும் லைனில் இருக்கிறவர்கள் முகம்தான் கண்ணில் வந்தது.

மூன்றாம் நாள் தெருவில் கட்சி நோட்டீஸ் கொடுத்தார்கள். முன்பக்கத்தில் வேட்பாளர் மிஷினில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குனிந்து சிரித்துக்கொண்டு அவள். கீழே, உழைக்கும் பெண்களின் உடன்பிறப்பு என்று போட்டிருந்தது. அந்தச் சிரிப்புக்கு அடுத்த நிமிடம் நடந்தது அதில் இல்லை. வீட்டுக்காரம்மா வள்ளியாத்தாள் நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "ஏனுங் கண்ணு, உன்ற போட்டோவெல்லாம் போட்டிருக்கறாங்க, எங்ககிட்டச் சொல்லவே இல்ல" என்று சந்தோஷப்பட்டாள். நாகஜோதி கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். தப்புச் செய்தவன் எங்கேயோ சிரித்துக்கொண்டிருக்க, அடிபட்ட தான் கையை மறைத்துக்கொண்டு நிற்பது, அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைத் தட்டிவிடலாம் போலிருந்தது.

விரல் ஆறவில்லை. ஒரு வாரத்தில் கத்தரிக்காய் போல வீங்கிக் கறுத்தது. வீரணன் அவளை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அவன், பனியன் துணியை அழுத்திச் சமப்படுத்தும் ஒரு காம்பாக்டிங் பட்டறையில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். ஒரு நாள் லீவு என்பது அவனுக்கு ஒரு நாள் கூலி. இருந்தும் வந்தான்.

இளம்பெண் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்போடு ஒட்டி, வெள்ளைக் கீற்றாக ஒன்று தெரிந்தது.

"அரிவாள்மனையில வெட்டுனதுன்னு சொல்றீங்க. உள்ள ஊசி இருக்கேம்மா."

நாகஜோதி அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். காந்தத்தை உருட்டினார்களே. தரையைப் பெருக்கினார்களே. தைத்த சட்டையை எல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்தார்களே. முகம் தெரியாத ஒரு குழந்தையின் தோலில் ஒரு கீறல் விழக் கூடாது என்று அத்தனை பேர் தேடினார்களே. ஒருத்தருக்காவது, அது இவள் விரலுக்குள் இருக்குமோ என்று தோன்றவில்லையே. கிளினிக்கில் கூட நின்ற சிவபிரகாஷுக்குத் தோன்றவில்லை. பெடலை மிதித்தவருக்குத் தோன்றவில்லை. சரிங்க சரிங்க என்று தலையாட்டிய தனக்கும் தோன்றவில்லை.

"மிஷின் ஊசி டாக்டர். கம்பெனில ஏறுனது. ஓட்டுக் கேக்க வந்தவரு மிதிச்சாரு" என்றாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். பிறகு, சீழ் வற்ற மாத்திரை தருவதாகவும், அது வற்றியதும் விரலைத் திறந்து துண்டை எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். "வேலை செய்யிற இடத்துல பட்ட காயம்னு கம்பெனி எழுதிக் குடுக்கணும். அப்பத்தான் உங்களுக்குச் சேர வேண்டியது சேரும். விரல் மடங்காமப் போனாலும் அதுக்குண்டான உதவி கிடைக்கும். இல்ல, கூட வேலை செய்யிறவங்க யாராவது பாத்தேன்னு வந்து சொல்லணும்."

அங்கிருந்து நேராகக் கம்பெனிக்குப் போனாள். மகுடேஸ்வரன் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். எக்ஸ்ரேயைப் பார்த்து, "அடப் பாவமே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"எழுதிக் குடுங்கய்யா. அது போதும்."

"தேர்தல் முடியட்டுங்க அம்முணி."

"வெரலு அழுகிருச்சுன்னா?"

"அதெல்லாம் ஆகாதுங்க. தேர்தல் முடிஞ்சு பேசிக்கலாமுங்க."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். வாசலில் சகாயராஜ் நின்றிருந்தார். "சகாயண்ணே, நீங்க பாத்தீகள்ல?" என்று கேட்டாள். அவர் கையிலிருந்த பீஸைப் புரட்டிப் புரட்டித் தையலைப் பார்த்தார். "எனக்கும் புள்ளைக படிக்குதும்மா" என்றார்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு காலையில் மண்ணரைக்குள் பிரசாரம் வந்தது. கட்சிப் பெண்கள் வீடு வீடாக வந்து ஆரத்தி எடுக்க ஆள் சேர்த்தார்கள். வராதவர்களையும் இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினார்கள். நாகஜோதியை யாரும் இழுக்கவில்லை. அவளே போய் வரிசையில் நின்றாள். தட்டு எதுவும் கையில் இல்லை. என்ன கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

கொட்டுச் சத்தத்தோடு ஜீப் வந்து நின்றது. வேட்பாளர் இறங்கி, வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். அவள் முன்னால் வந்ததும் கையில் இருந்த கட்டைப் பார்த்து நின்றார். முகத்தில் இரக்கம் வந்தது. அது நடிப்பு மாதிரி இல்லை.

"அடடா, கை என்னம்மா ஆச்சு?"

அவள் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. இவருக்குத் தன்னைத் தெரியவில்லை. தன் முகத்தை ஊர் முழுக்க அடித்துக் கொடுத்துவிட்டு, அந்த முகம் எதிரே வந்து நிற்கும்போது யாரென்று தெரியவில்லை.

"என்னையத் தெரியலையா?"

"தெரியாம இருக்குமா, எல்லாரும் நம்ம குடும்பம்தானே."

"மகுடேஸ்வரன் கம்பெனில நீங்க மிதிச்ச மிஷினு. நீங்க ஏத்துன ஊசி. துண்டு இன்னும் உள்ளதான் கெடக்கு" என்றாள் நாகஜோதி. "ஒரு வார்த்தை சொல்லுங்க. என்னாலதான் இப்புடி ஆச்சுன்னு ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அவர் கண் ஒரு கணம் சுருங்கியது. அப்போதுதான் தெரிந்துகொண்டார். பக்கவாட்டில் கேமரா இருப்பதைப் பார்த்தார். அவளுடைய கையை இரண்டு கையாலும் அள்ளி எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எல்லாத்துக்கும் ஒரு விடிவு வரும்மா. ஜெயிச்சு வந்ததும் முதல் வேலை இதுதான்" என்று சத்தமாகச் சொன்னார். விரலைப் பிடித்த பிடியில் அவளுக்கு உயிர் போனது. கையை உருவ முடியாமல் கண்ணில் நீர் முட்டியது. கொட்டு மறுபடி எழுந்தது. யாரோ அவளைத் தோளில் தள்ளி ஓரமாக நிறுத்தினார்கள். ஜீப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து அவள் அம்மா ஒச்சாயி போன் செய்தாள்.

"ஏ சோதி, ஒன்னைய செல்லுல காட்டுறாய்ங்கடி. எம்புட்டுப் பெரிய மனுசன், ஓங் கையப் புடிச்சு அழுகுறாரு. தெருவே கூடிப் பாத்துச்சு."

வீரணன் தன் போனில் தேடி எடுத்தான். எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காட்சி மெதுவாக ஓடியது. அவள் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. அதன்மேல் வயலினை இழுத்துச் சோகமாக ஓட விட்டிருந்தார்கள். அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். அவள் கண்ணில் நீர் முட்டியது கிட்டத்தில் தெரிந்தது. உழைப்பாளியின் வலி அறிந்த தலைவன் என்று எழுத்து வந்தது.

நாகஜோதி மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள். அவள் சொன்ன ஒரு சொல்கூட அதில் இல்லை. வலியில் வந்த கண்ணீரை எடுத்து அவருக்கு மாலையாகப் போட்டிருந்தார்கள். போனைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாள். வீரணன் போய்ப் பொறுக்கினான். திரை கீறியிருந்தது. வீடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலையில் எதிர்க்கட்சியிலிருந்து ராமர் வந்தார். அவரும் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். வார்டில் தென்மாவட்டத்து ஆட்களை எல்லாம் அவர்தான் அந்தக் கட்சிக்குத் திரட்டுவார். வீரணனுக்குப் பழக்கம்.

"தங்கச்சி, விசயம் முழுக்கக் கேள்விப்பட்டேன். நாளைக்கு ராயபுரத்துல நம்ம கூட்டம். மேடையில ஏறி ஒரு ரெண்டு நிமிசம் பேசு. கையத் தூக்கிக் காட்டு. அவன் குடிச்சுட்டு வந்திருந்தான், ஓங் கையைப் புடிச்சு இழுத்தான், தெக்கத்திப் பொம்பளைன்னு கேவலமாப் பேசுனான்னு சொல்லு."

"அவரு குடிக்கலண்ணே. கையையும் இழுக்கல."

"தெரியும்த்தா. சும்மா ஊசி குத்திருச்சுன்னா எவன் கேப்பான்? அது எடுபடாது."

"எனக்கு எடுபட்டுச்சுண்ணே. எலும்பு வரைக்கும் எடுபட்டுச்சு" என்றாள். "அந்தக் கம்பெனிக்கு எதுத்து எழுதி வாங்க ஒங்க ஆளுக வருவாகளா? ஈ.எஸ்.ஐ.க்குக் கூட வருவாகளா?"

"அதெல்லாம் எலக்சன் முடிஞ்சு பாத்துக்குவோம்."

மகுடேஸ்வரன் சொன்ன அதே சொல். அவள் எழுந்து கதவை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ராமர் வீரணனைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

"ஒரு வார்த்தை கூடக் குறையச் சொன்னா என்ன கெட்டுப்போச்சு? நாலு பேரு நம்ம பக்கம் நிப்பாய்ங்கள்ல" என்றான் வீரணன்.

"எவன் நிப்பான் மாமா? அவனுக்கு ஒரு பொய் வேணும், இவனுக்கு ஒரு பொய் வேணும். நடந்தது நடந்தபடி ஒருத்தனுக்கும் வேணாம். எவனும் கேட்டானா, ராத்திரி தூங்குறியாம்மான்னு?" அவள் கத்தினாள். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. வீரணன் தலையைக் குனிந்துகொண்டு சட்டையை மாட்டி வேலைக்குப் போனான்.

தேர்தலுக்கு முதல் நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், அவள் கம்பெனிக்குப் போனாள். வாட்ச்மேன் தடுக்கவில்லை. ஷெட்டுக்குக் கீழே எல்லோரும் டிபன்பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் நதியா கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்த வயலின் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு நின்றது.

"நதியா, நீ எம் பக்கத்து மிஷினு. என் ரத்தம் ஓந் துணியில தெறிச்சுச்சு. பாத்தியா, பாக்கலையா?"

நதியா சோற்றைப் பிசைந்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

நாகஜோதி அடுத்தவளைக் கேட்டாள். அதற்கடுத்து கட்டிங் மாஸ்டரைக் கேட்டாள். பெயர் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். இவர்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றபோது இவர்களுடைய பீஸையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தவள் அவள். ஒருத்தரும் நிமிரவில்லை. மகுடேஸ்வரன் மேல் இல்லாத ஆத்திரம், அந்த வேட்பாளர் மேல்கூட இல்லாத ஆத்திரம், இந்தக் குனிந்த தலைகளைப் பார்த்து வந்தது.

கடைசியில் சகாயராஜ் முன்னால் வந்து நின்றாள்.

"சகாயண்ணே, ஊசி நுனியக் காணமின்னு தேடுனீங்களே. கெடச்சிருச்சா?"

அவர் டிபன்பாக்ஸை மூடினார். நுனியும் கிடைத்ததாக அன்றைக்கே சொல்லிவிட்டுத்தான் லைனை ஓட்டினார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"எங்கிட்ட இருக்குண்ணே. வந்து எடுத்துக்கங்க" என்று கட்டுப் போட்ட விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அதற்குள் மகுடேஸ்வரன் வந்துவிட்டார். "ஏனுங்க அம்முணி, இந்த வெய்யில்ல எதுக்குங்க வந்தீங்க? உள்ற வாங்க, பேசிக்கலாமுங்க."

"இங்கனயே பேசுவம்ங்க. இவுகளும் கேக்கட்டும்."

"உங்களுக்கு வேல இல்லீங்கன்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வருமுங்களா? அப்பிடிச் சொல்ல வெச்சுறாதீங்க" என்றார். கெஞ்சுகிற மாதிரியே சொன்னார்.

"நானே சொல்லிக்கிறேன்ங்க. இனி ஒங்க மிஷின்ல உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கேட்டைத் தாண்டியதும் பெட்டிக்கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையிலேயே வாக்குச்சாவடிக்குப் போனாள். பள்ளிக்கூட வகுப்பறை. மை வைக்கிற அலுவலர் இடது கையை நீட்டச் சொன்னார். ஆள்காட்டி விரலில் கட்டைக் கண்டு, "என்னாச்சும்மா?" என்றார். "மிஷின் ஊசி" என்றாள். அவர் அடுத்த விரலில் மை வைத்தார். இயந்திரத்தின் முன்னால் வரிசையாகச் சின்னங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் சலித்துக்கொள்ளும் அளவுக்கு நின்றாள். பிறகு ஒரு பொத்தானை, தேவைக்கு மேல் அழுத்தமாக, அமுக்கிவிட்டு வந்தாள். யாருக்கு என்று வீரணன் கேட்டான். "ஒனக்கு எதுக்கு?" என்றாள்.

பள்ளிக்கூட மதிலோரம் வேப்பமரத்தடியில் சகாயராஜ் நின்றிருந்தார். ஓட்டுப் போட வந்தவர் மாதிரிதான் இருந்தார். ஆனால் அவர் விரலில் மை ஏற்கெனவே இருந்தது.

"ஏம்மா, நாகஜோதி."

அவள் நிற்கவில்லை. அவர் கூடவே நடந்து வந்தார்.

"எம் மக அந்த வீடியோவப் பாத்துட்டு, அப்பா இது உங்க கம்பெனி அக்காதானே, எப்படி அடிபட்டுதுன்னு கேட்டா. தெரியாதுன்னு சொல்லிட்டேன்." மதில் முடிகிற இடம்வரை வந்தார். "திங்கக்கிழம ஈ.எஸ்.ஐ. ஆபீஸுக்கு வாரேன். என்ன பாத்தனோ அதச் சொல்லுதேன்."

"வரும்போது பாப்பம்" என்றாள்.

அவர் வந்தார். மேசைக்கு எதிரே உட்கார்ந்து, வேட்பாளர் வந்தது, உட்கார்ந்தது, அவள் கையை எடுத்தபிறகு மிதிக்கச் சொன்னது, அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டே மிதித்தது எல்லாம் சொன்னார். நுனி கிடைக்காமலே கிடைத்ததாகத் தான் சொன்னதையும் சொன்னார். அதிகாரி இடையில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். விசாரணைக்குக் கம்பெனிக்கு ஆள் வரும் என்றார். காயம் வேலையில் பட்டதாகவே எடுத்துக்கொள்வோம் என்றார். மகுடேஸ்வரன் அன்று சாயங்காலமே சகாயராஜைக் கூப்பிட்டு, ரொம்ப நாள் உழைத்ததற்கு நன்றி சொல்லி, கைகூப்பி அனுப்பி வைத்தாராம்.

அந்த வாரமே விரலைத் திறந்து துண்டை எடுத்தார்கள். மேல் மூட்டு இனி மடங்காது என்றார் டாக்டர். ஓவர்லாக்கில் துணி பிடிக்க அந்த விரல்தான் வேண்டும். குன்னத்தூர் ரோட்டில் ஒரு சின்ன கம்பெனியில் செக்கிங் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். டைலர் கூலி வராது. அதற்குப் போவதென்று முடிவு செய்திருந்தாள்.

அதைக் கேட்டுவிட்டு வரக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாப்பில் சகாயராஜைப் பார்த்தாள். அவரும் எங்கோ வேலை கேட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஓட்டுப் பெட்டிகளைப் பூட்டி வைத்துத் துப்பாக்கியோடு காவல் போட்டிருந்தார்கள். எண்ணுவதற்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. எதிர்ச் சுவரில் இரண்டு கட்சி எழுத்துக்கும் மேலே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அடியில் இருந்தது லேசாகத் தெரிந்தது.

"வெரலு எப்படிம்மா இருக்கு?"

"வெறைச்சுப் போச்சு."

"எனக்கும் வேல போச்சு" என்றார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தவர் போல நின்றார். அவளும் தேடிப் பார்த்தாள். நன்றி என்பது வாயில் வரவில்லை.

"அன்னைக்கே சொல்லிருந்தீகன்னா, அன்னைக்கே எடுத்திருப்பாய்ங்க. வெரலு மடங்கிருக்கும்" என்றாள்.

"ஆமாம்மா."

"நானும் அன்னைக்கே சொல்லிருக்கணும். சரிங்க சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்தேன்."

குன்னத்தூர் பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். சகாயராஜ் கீழே நின்று, கையில அடி, கையில அடி என்று கூட்டத்தை விலக்கி அவள் இடது கைக்கு இடம் செய்து கொடுத்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே, லேடீஸ் சீட்டில் கால் அகட்டி உட்கார்ந்திருந்த ஒருவனிடம் போய், "எந்திரிய்யா" என்றாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் இன்னொரு தரம் சொன்னாள். எழுந்தான்.